மறுப்பு விகிதம் பூஜ்யம்

நான் மனிதன்தானா என்று சந்தேகம் கேட்டு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்த நேரத்தில் கடையில் கூட்டமாக இருந்தது. இருமல் டானிக் வாங்க வந்த ஒருவர், இந்த ஊரில் இனி மழையே பெய்யாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்றபடியே ஃபோனைத் திறந்து பார்த்தேன். "தங்கள் உரையாடல்களை ஆய்வு செய்ததில், தாங்கள் ஒரு தானியங்கி மென்பொருளாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்துள்ளது." வழக்கம்போல அதற்கும் "சரிங்க, மிக்க நன்றி" என்று பதில் போட்டுவிட்டேன். டானிக்கை உறையில் போட்டுக் கொடுத்த பிறகுதான், என்ன படித்தோம், எதற்குச் சரி என்றோம் என்பது உறைத்தது.

என் பெயர் திருமூர்த்தி. வயது ஐம்பத்து மூன்று. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி ஊரில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. காரணம், நான் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் ஒரு குறையும் சொன்னதில்லை. காலையில் பேப்பர் படிக்க வருகிற ஆளும் கட்சிக்காரர் என்னைத் தன் கட்சி என்று நினைத்திருக்கிறார். சாயங்காலம் வருகிற எதிர்க்கட்சிக்காரர் தன் கட்சி என்று நினைத்திருக்கிறார். இருவருக்கும் நான் காட்டுவது ஒரே தலையாட்டல்தான்.

கடிதத்தில் விஷயம் சாதாரணமானதாக இல்லை. பதினைந்து நாளுக்குள் மனிதச் சான்று வாங்காவிட்டால் டாக்டர்களின் மருந்துச் சீட்டுகள் வந்து விழுகிற கடைக் கணினித் திரை பூட்டிக்கொள்ளும். மருந்து கொடுக்கிற கைக்குப் பின்னால் ஒரு மனிதன் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எனக்கு அதில் முழு உடன்பாடு. எனக்குத்தான் எல்லாவற்றிலும் முழு உடன்பாடாயிற்றே.

மறுநாள் காலை மனிதச் சான்று மையத்துக்குப் போனேன். அங்கே பெனாசிர் என்ற அதிகாரி இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் உண்மையிலேயே கை காலோடு நடந்து வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

"உக்காருங்க சார். இது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க," என்றேன். தெரியாது.

"இப்ப ஆளாளுக்கு ஃபோன்ல ஒரு பதிலாள் வெச்சிருக்காங்க. வாழ்த்து சொல்றது, துக்கம் விசாரிக்கறது, கமெண்ட் போடறது எல்லாம் அந்த மிஷின்தான். எழுத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னா, அது நம்மளவிட நல்லா எழுதுது. ஒண்ணே ஒண்ணுல மாட்டிக்கும். அதை எதிர்ல இருக்கறவங்கள சந்தோஷப்படுத்தறதுக்காகச் செஞ்சிருக்காங்க. எதிராளி மூஞ்சி சுருங்கும்னு தெரிஞ்சே 'இல்ல, நீங்க சொல்றது தப்பு'ன்னு அது சொல்றது அபூர்வம். அதனால ஒவ்வொருத்தரும் மூணு வருஷத்துல எத்தனை தடவை மறுத்துப் பேசியிருக்காங்கன்னு பாக்கறோம்."

"நல்ல ஏற்பாடுங்க."

"ஊர்ச் சராசரி நாலு சதவீதம். உங்க மறுப்பு விகிதம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம் புள்ளி பூஜ்யம். பதினோராயிரத்து நானூறு பதில் போட்டிருக்கீங்க. ஒண்ணுலகூட 'இல்ல' இல்ல."

"அப்படீங்களா?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "இதைப் பாருங்க. ஒருத்தர் பூமி தட்டையா இருக்குதுன்னு எழுதியிருக்கார். நீங்க 'சிந்திக்க வைத்த பதிவு'ன்னு போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழேயே இன்னொருத்தர் அவரை அடிமுட்டாள்னு திட்டியிருக்கார். அதுக்கும் 'சிந்திக்க வைத்த பதிவு.'"

"ரெண்டுமே சிந்திக்க வெச்சுதுங்க."

பெனாசிர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மேல்முறையீடு ஒண்ணு இருக்கு சார். உங்ககூட நேர்ல பழகற ஒருத்தர் சாட்சி சொல்லணும். இவர் என் முகத்துக்கு நேரா இன்ன விஷயத்துல என்னை மறுத்துப் பேசினார்னு. வர முடியலைன்னா குரல்ல பதிவு பண்ணி அனுப்பினாலும் போதும். அதைக் கேட்டா நீங்க மனுசர்தான்னு எனக்குத் தோணணும். ஒரே ஒருத்தர் போதும்."

"ஒருத்தர்தானுங்களா! எத்தனையோ பேர் இருக்காங்க."

"ஒரு பேர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவளும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அதைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவி சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், நீயே சாட்சி சொல்லிவிடேன் என்றேன்.

"நானா? பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். எங்கியாவது ஒரு இடத்துல உன்னைய எதிர்த்துப் பேசியிருக்க மாட்டனா?"

"எங்கீங்க?"

யோசித்தேன். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் தொடங்கி, மகள் மிதுனாவை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது வரை எல்லாவற்றுக்கும் நான் சரி சொல்லியிருந்தேன். இதுவரை அதை என் பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தேன்.

"உனக்குப் புடிச்சது எனக்கும் புடிக்கும். அது ஒரு குத்தமா?"

சுகந்தி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "மிதுனா பொறந்தப்ப, ஸ்கூல் வேலைய விட்டுடட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

"உன்ற இஷ்டம்னு சொன்னேன். நான் தடுக்கவே இல்லியே."

"அதைத்தான் சொல்றேன். வேண்டாம், விடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் உங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். நீங்க சொல்லியிருந்தா விட்டிருக்கவே மாட்டேன். உங்ககூட இருபத்தாறு வருஷம் இருந்தும், எல்லா முடிவையும் நான் ஒண்டியாத்தானுங்க எடுத்தேன்."

"நீ சொல்றது சரிதான்," என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் பயிற்சியில் இறங்கினேன். கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் பக்கத்தில் நின்ற தையல்காரர், இன்றைக்கு டீ நன்றாக இருக்கிறது என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க, சுமார்தான்," என்றேன். டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உடனே இன்னொரு டீ சொன்னேன். அதற்குப் பிறகும் ஒன்று சொன்னேன். மூன்றாவது டீயைக் குடித்துவிட்டு, இப்படியொரு டீயை நான் குடித்ததே இல்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தையல்காரரைச் சாட்சிக்கு அழைக்கிற எண்ணத்தை அத்தோடு விட்டேன்.

பத்து நாள் ஓடியது. மிச்சம் இருந்தது நாச்சிமுத்து ஒருவன்தான். அவனிடம் போகாமல் நான் ஏன் இத்தனை நாள் சுற்றி வளைத்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நாச்சிமுத்து என் பள்ளிக்கூடத் தோழன். பி.டி. வாத்தியாராக இருந்தவன். நாற்பத்தைந்தில் சக்கரை வந்தது. மாதாமாதம் மாத்திரை என் கடையில்தான் வாங்கினான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஃபோனில் ஏதோ ஒரு குழுவில் சேர்ந்தான். குழுவின் பெயர் 'மாத்திரையை மறந்தோர்'. ஒரு பச்சைப் பொடியைக் கரைத்துக் குடித்தால் எல்லாம் போய்விடும் என்பது அவர்கள் கொள்கை. ஒருநாள், "இன்றோடு மாத்திரைகளுக்கு விடை கொடுத்தேன்" என்று அவன் பதிவு போட்டான். நான் "அருமையான முடிவு நாச்சி! தொடரட்டும்!" என்று எழுதி, பக்கத்தில் புஜம் மடக்கிய கை படம் இரண்டு போட்டேன்.

அத்தோடு போயிருந்தால்கூட, ஃபோனில் யாரோ எதையோ எழுதுவதுதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். மறுநாள் அவன் கடைக்கே வந்தான். "நீ மருந்து தெரிஞ்சவன். நான் பண்ணது சரிதான?" என்று கேட்டான். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் கால் இழந்தவர்களுக்குக் கட்டுத்துணி விற்றவன் நான். ஆனால் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். "நல்ல முடிவுதான்," என்றேன். அவன் கேட்டது நண்பனை, மருந்துக்கடைக்காரனை அல்ல என்று அன்று எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். பதினோரு மாதத்தில் அவனுடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மாத்திரை போய் ஊசிக்கு மாறினான். ஆஸ்பத்திரிக்கு நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை உடுமலை ரோட்டில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் நாச்சிமுத்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"அட, இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தே? நான் சொல்றன் சாட்சி. கபடி டீமுக்கு நான் கேப்டனாகறதை நீ எதிர்த்தேன்னு சொல்லட்டுமா?"

"நான்தான உனக்கு ஓட்டுக் கேட்டு ஊரெல்லாம் சுத்தினேன்."

"தெரியுமுடா. அவங்களுக்குத் தெரியுமா? இன்னைக்கே அனுப்பிப்போடறேன்."

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கடை பிழைத்தது. அவன் உள்ளே போய் இரண்டு டம்ளரில் எதையோ கரைத்து எடுத்து வந்தான். பச்சையாக இருந்தது.

"சித்த குடிச்சுப் பாரு. பத்து நாளாச்சு, ஊசிய நிறுத்திப்போட்டேன். போன தடவை பொடி குடிக்கறப்பவே அப்பப்ப பழைய மாத்திரை ஒண்ணு ரெண்டு போட்டேனாம், அதுதான் தப்பாப் போச்சுன்னு குழுவுல சொல்றாங்க. இந்தத் தடவை சுத்தமா ஒண்ணும் இல்ல. உடம்பு பஞ்சாட்ட இருக்குது. என்ன சொல்ற?"

நான் அவன் காலைப் பார்த்தேன். செருப்புக்குள் மூன்று விரல்கள். கட்டைவிரல் ஓரத்தில் புதிதாக ஒரு பிளாஸ்திரி.

"நல்லது" என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டு டம்ளரைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் நான் அரசாங்கக் கணக்கில் மனிதனாகியிருப்பேன். சொல்லாவிட்டால் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும்.

"வேண்டாம் நாச்சி," என்றேன். பழக்கமில்லாத தொண்டையிலிருந்து அது எலிக்குஞ்சின் குரல்போல வந்தது.

"என்னது?"

"வேண்டாம்."

"சத்தமாத்தான் சொல்லேன்."

"வேண்டாம்னு சொல்றன்! இன்னைக்கே ஊசி போடு. அந்தப் புண்ணை டாக்டர்கிட்டக் காட்டு. இல்லீன்னா கால் போயிரும்."

நாச்சிமுத்து சிரித்தான். "நீ பேசறியா இதை? மூணு வருஷத்துக்கு முன்னாடி நல்ல முடிவுன்னு சொன்னவன்தான நீ?"

அப்போது எனக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். வாய் எப்படியோ ஒரு தடவை திறந்துவிட்டது, மூட வரவில்லை.

"அப்பவும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மாத்திரைய நிறுத்தினா இப்படித்தான் ஆகும்னு தெரியும். நீ சந்தோஷமா இருந்தே. சொன்னா உன்ற மூஞ்சி சுருங்கிருமேன்னு..."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். என்னைத் திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். விளையாட்டு வாத்தியார், குரல் மைதானத்தின் அடுத்த கோடிவரை கேட்கும். ஆனால் மிகவும் மெதுவாகப் பேசினான்.

"என்ற மூஞ்சியப் பாத்தே. காலைப் பாக்கலியேடா."

குடிக்காத என் டம்ளரையும் அவன் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வெளிய போ மூர்த்தி."

வாசலில் செருப்பை மாட்டும்போது சாட்சியின் ஞாபகம் வந்தது. அந்த நேரத்திலும் வந்ததே என்று என்னை நானே வெறுத்தேன். அதே சமயம், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே ஒருவனை எதிர்த்துப் பேசியிருக்கிறேன், அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இனி என் முகத்தில் விழிக்க மாட்டான் என்பதும் புரிந்தது.

சுகந்தியிடம் சொன்னபோது அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இப்பவாச்சும் சொன்னீங்களே," என்றாள். சற்றுப் பொறுத்து, "அவரு ஊசி போட்டாரா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நாச்சிமுத்துவுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. அவன் வீட்டுத் தெருமுனை வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன்.

பதினைந்தாம் நாள் மையத்துக்குப் போனேன், சாட்சி கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக. பெனாசிர் என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"காலைல உங்களுக்கு ஒரு சாட்சி வந்திருக்கு சார். குரல் பதிவு. நீங்க கேக்கணும்."

பொத்தானை அழுத்தினாள். தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் செருமலே போதும்.

"வணக்கமுங்க. நாச்சிமுத்து, பி.டி. வாத்தியாரா இருந்து, விரல் போனப்புறம் முன்கூட்டியே ரிட்டயர்டு ஆனவன். திருமூர்த்திய ஆறாங்கிளாஸ்ல இருந்து தெரியும். எனக்கு ரெண்டு கால்விரல் போனதுக்கு அவன் ஒரு காரணமுங்க. பெரிய காரணம் நான்தான், அது வேற. அன்னைக்கு மாத்திரைய நிறுத்தறதுக்கு முன்னாடி ஃபோன்ல இருக்கற மிஷின்கிட்டயும் கேட்டேன். டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்கன்னு மூணு தடவை சொல்லுச்சு. அது மிஷின், அதுக்கென்ன தெரியும்னு இவன்கிட்டப் போனேன். இவன் நல்ல முடிவுன்னான். தெரிஞ்சே சொல்லியிருக்கான். போன வாரம்தான் ஒத்துக்கிட்டான்."

மறுபடியும் ஒரு செருமல் கேட்டது.

"நீங்க இவன் மிஷினான்னு கேக்கறீங்களாம். மிஷினா இருந்தா என்ற விரலு ரெண்டும் இருந்திருக்குமுங்க. என்ற மூஞ்சி சுருங்கிருமேன்னு மிஷின் பயப்படாது. இவன் பயந்தான். பயந்து காலை விட்டுட்டான். இது மனுசன் பண்ற வேலைதானுங்க. போன வாரம் என்னைய எதிர்த்துப் பேசினான், அதுவும் நெசம். பொய்ச் சாட்சி சொல்றேன்னு நானே சொல்லியிருந்தேன், அது போயிருமின்னு தெரிஞ்சேதான் பேசினான். அதையும் எழுதிக்குங்க. இவன் மனுசன்தான். நல்ல மனுசனான்னு மட்டும் என்னையக் கேக்காதீங்க. வெக்கறேன்."

பெனாசிர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள்.

"மிஷின் மறுக்காதுன்னு வெச்சுத்தான் சார் இந்த ரூலையே போட்டாங்க," என்றாள். "அது மூணு தடவை மறுத்திருக்கு."

"ஆமாங்க. நான்தான் மறுக்கல."

"பயத்துக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்ல. சாட்சியில 'போன வாரம் எதிர்த்தார்'னு ஒரு வரி இருக்கு, அதை வெச்சுக் குடுத்துடலாம்." அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "சாட்சி சொன்னதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லணும்."

வாழ்நாளெல்லாம் பொய்யாகச் சொல்லிவந்த வார்த்தையை அன்று முதல்முறையாக மனதாரச் சொன்னேன். "எல்லாம் சரிதானுங்க."

சான்றிதழ் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. 'மனிதர்' என்று முத்திரையோடு போட்டிருந்தது. அதைக் கடையில் மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. மாட்டினேன். பார்க்கிறவர்கள் வாழ்த்து சொன்னார்கள். எதற்காகக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழு நேர்மை ஒரே வாரத்தில் வந்துவிடாது.

சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன. ஆன்டிபயாடிக் இரண்டே இரண்டு மாத்திரை போதும் என்று கேட்டு வந்தவரிடம் முடியாது என்றேன். அவர் என் கடையை மருந்துக்கடையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்கு வருகிற இரண்டு கட்சிக்காரர்களில் ஒருவர் குறைந்துவிட்டார். சுகந்தி ட்யூஷன் எடுக்கலாமா என்று கேட்டாள். ட்யூஷன் வேண்டாம், ஸ்கூலுக்கே விண்ணப்பம் போடு என்றேன். அதற்கு இரண்டு நாள் சண்டை போட்டோம். கல்யாணமாகி முதல் சண்டை. இருவருக்கும் சரியாகப் போடத் தெரியவில்லை, பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விண்ணப்பம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

நாச்சிமுத்து வரவில்லை. அவன் வழக்கமாக மருந்து வாங்குகிற ஒன்றாம் தேதி வந்து போனது. அவன் பெயரில் மருந்துச் சீட்டு எதுவும் என் திரைக்கு வரவில்லை. தினமும் காலையில் திரையைத் திறந்ததும் முதலில் அதைத்தான் தேடினேன். அப்படியென்றால் அவன் ஊசி போடவில்லை, பொடிதான் குடிக்கிறான் என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த செய்தி எங்கிருந்து எப்படி வருமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மருந்து வணிகர் சங்கக் கூட்டம். டீ இடைவேளையில் தண்டபாணி என் பக்கத்தில் வந்து நின்றார். ஊரின் மறுகோடியில், பைபாஸுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்.

"உங்க ஃப்ரெண்டு, பி.டி. வாத்தியாரு, இப்ப நம்ம கடைக்குத்தான் வர்றாருங்க. ரெண்டு மாசமா."

"என்ன வாங்கறாருங்க?"

"ஊசிதான். வேற என்ன? ஒரு நாளும் தப்பறதில்ல. கால்ல ஒரு புண்ணு இருந்துது, அதும் ஆறிப்போச்சுன்னு அன்னைக்குக் காட்டினாரு." தண்டபாணி குரலைத் தாழ்த்தினார். "உங்க கடைதான் அவருக்குப் பக்கம், எதுக்குங்க நொண்டிட்டு இவ்வளவு தூரம் வர்றீங்கன்னு கேட்டேன். பதிலே சொல்லலீங்க. நான் ஒண்ணும் ஆளை இழுக்கல. உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்களே?"

ஊரில் இப்படி ஒருவர் கேட்டால் "அட, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் சொல்வது. கேட்கிறவரும் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்பார்.

"இருக்குதுங்க," என்றேன். "ரொம்ப இருக்குது."

தண்டபாணிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கூட்டத்துக்கு மறுபடி மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீயைக் குடித்தோம்.